கடலா? காடா?

பிளஸ் 2 முடிந்துவிட்டது. பிள்ளையை எந்தக் கல்லூரியில் சேர்ப்பது? வீட்டுக்கு வீடு இதே பேச்சுத்தான்!

சென்னையில் இரண்டு பழைய கல்லூரிகள்.

ஒன்று, மாநிலக் கல்லூரி. 1840-ல் தொடங்கியது. சாலையைத் தாண்டினால் மெரினா! சர். சி.வி. ராமன் படித்த இடம். அரசு கல்லூரி என்பதால் கட்டணம் குறைவு. பலர் பஸ்சிலும் ரெயிலிலும் வந்து போகிறவர்கள். வகுப்பு முடிந்ததும் வீடுதான். நட்பு வளருவது பஸ் நிறுத்தத்தில்!

மற்றொன்று, தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரி. 1837-ல் பள்ளிக்கூடமாகப் பிறந்தது. நூறு ஆண்டு கழித்து, 1937-ல், நகர நெரிசலை விட்டுத் தாம்பரத்துக்குக் குடியேறியது. 300 ஏக்கருக்கு மேல் மரமும் புதருமாக விரிந்த இடம். புள்ளிமான்கள் திரிகின்றன. சேலையூர், செயின்ட் தாமஸ், பிஷப் ஹீபர் என்பவை பழைய விடுதிகள். "ஹால்" என்பார்கள். சாப்பாடு, பந்தாட்டம், சண்டை, சமாதானம் எல்லாம் ஹாலோடுதான். கூச்சப்படும் பையனும் அங்கே நாலு பேரோடு பழகியாக வேண்டும். ஆனால் விடுதிச் செலவு தனி. மானைக் கண்டு மயங்கிப் பணம் கட்டிவிடக் கூடாது!

பகுதி நேர வேலை பார்த்துப் படிக்க வேண்டிய பிள்ளைக்கு நகரத்துக் கல்லூரியே வசதி.

வகுப்பு நடக்கும் நாளில் பிள்ளையோடு போங்கள். வகுப்பு விடும் நேரத்தில் வாசலில் நில்லுங்கள். மாணவர்கள் மைதானத்துக்குப் போகிறார்களா, நூலகத்துக்கா, நேரே ரெயிலுக்கா என்று பாருங்கள்.