சிறு அலுவலகங்களுக்கான திறந்த மூலக் குழுப்பணி மென்பொருள்: தெரிவும் நிறுவலும்

ஆய்வுச் சுருக்கம்

மின்னஞ்சல், நாட்காட்டி, முகவரிகள், கோப்புகள் ஆகியவற்றைப் பலர் சேர்ந்து கையாள உதவுவது குழுப்பணி மென்பொருள். கணினிப் பராமரிப்புக்கெனத் தனிப் பணியாளர் இல்லாத சிறு அலுவலகம் இதனைத் தெரிவு செய்கையில், வசதிகளின் எண்ணிக்கையைவிடத் தரவை வெளியே எடுத்துச் செல்லும் வழியே முதன்மை அளவுகோலாதல் வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: குழுப்பணி மென்பொருள், திறந்த மூலம், தரவுப் பெயர்வு, காப்புநகல், ஒருங்குறி.

முன்னுரை

பத்துப் பேர் பணியாற்றும் ஆய்வு நிறுவனம் ஒன்றைக் கருதுவோம். கருத்தரங்க மடல்கள் ஒருவரது சொந்த மின்னஞ்சலிலும், கட்டுரையாளர் முகவரிகள் மற்றொருவரது கைப்பேசியிலும், களஆய்வுப் பதிவுகள் வேறொருவரது கணினியிலும் உள்ளன. அவர்களுள் ஒருவர் பணிமாறிச் சென்றால் நிறுவனத்தின் நினைவில் ஒரு பகுதியும் அவருடன் சென்றுவிடும். இவ்விழப்பைத் தவிர்ப்பதே குழுப்பணி மென்பொருளின் முதற்பயன். 1989இல் வெளிவந்த லோட்டஸ் நோட்ஸ் இவ்வகை மென்பொருளைப் பெருநிறுவனங்களில் பரவச் செய்தது. இன்று திறந்த மூல மென்பொருள்களைக் கொண்டு சிறு அலுவலகங்களும் இவ்வசதியைப் பெறலாம். எனினும், உரிமக் கட்டணம் இல்லாமையால் செலவே இல்லை எனக் கொள்ளலாகாது. பராமரிக்கும் உழைப்பே அதன் விலை.

1. தெரிவின் அளவுகோல்

மின்னஞ்சலுக்கு ஐமேப், நாட்காட்டிக்குக் கால்டேவ் (2007), முகவரிகளுக்குக் கார்ட்டேவ் (2011) ஆகியன பொது நெறிமுறைகள். எந்தவொரு நிறுவனத்துக்கும் உரியன அல்ல. இவற்றைப் பின்பற்றும் மென்பொருளில் உள்ள நாட்காட்டியைத் தண்டர்பேர்டிலும் ஐபோனிலும் நேரடியாகத் திறக்கலாம்; பின்னாளில் வேறொரு மென்பொருளுக்கும் மாற்றலாம்.

திறந்த மூலம் என்னும் பெயர் மட்டும் தொடர்ச்சிக்கு உறுதி அளிப்பதில்லை. சிம்பிராவின் 9ஆம் பதிப்பு 2020இல் வந்தபோது, திறந்த மூலப் பதிப்புக்கான ஆயத்த நிறுவல் தொகுப்பை அந்நிறுவனம் வழங்கவில்லை. மூலநிரல் கிடைத்தாலும், அதனைத் தாமே தொகுத்துக்கொள்ளும் திறன் சிறு அலுவலகங்களுக்கு அரிது. இதற்கு மாறாக, 2010இல் தோன்றிய ஓன்கிளவுடிலிருந்து அதன் நிறுவனரே விலகி 2016இல் நெக்ஸ்ட்கிளவுடைத் தொடங்க அதன் உரிமம் இடமளித்தது. எனவே உரிமம், நிறுவல் தொகுப்பை வழங்குவோர், தரவு வெளியேறும் வழி ஆகிய மூன்றையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும்.

2. தேவைக்கேற்ற மென்பொருள்

கோப்புப் பகிர்வு முதன்மையாயின் நெக்ஸ்ட்கிளவுட் பொருந்தும். அதிலுள்ள மின்னஞ்சல் செயலி வேறிடத்து அஞ்சல்பெட்டியைக் காட்டும் சாளரமே. அஞ்சல் வழங்கி அன்று. மின்னஞ்சலும் நாட்காட்டியும் முதன்மையாயின் சோகோ ஏற்றது. அதற்கும் தனியே ஐமேப் வழங்கி வேண்டும். நாட்காட்டியும் முகவரிகளும் மட்டுமே போதுமெனில், பைத்தானில் எழுதப்பட்ட ராடிகேல் போதும்; அது தரவை எளிய கோப்புகளாகவே சேமிக்கிறது.

3. நிறுவலும் பராமரிப்பும்

அஞ்சல் வழங்கியைச் சொந்தமாக நடத்துவதைச் சிறு அலுவலகம் தவிர்ப்பது நன்று. அனுப்புநரை உறுதிப்படுத்தும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் ஆகியவற்றுள் ஒன்றேனும் இருத்தல் வேண்டும் எனக் கூகுளும் யாகூவும் 2024 பிப்ரவரி முதல் வலியுறுத்துகின்றன. பதிவுகள் பிழையானால் மடல்கள் எரிதப் பெட்டிக்குச் செல்லும் அல்லது திரும்பும். ஆகவே அஞ்சலைச் சேவை நிறுவனத்திடம் விட்டு, ஏனையவற்றை அலுவலகம் ஏற்கலாம்.

நெக்ஸ்ட்கிளவுடில் ஒரு பயனர் கணக்கை நீக்கினால் அவருடைய கோப்புகளும் நீங்கும். பொதுக் கோப்புறைகளையும் நாட்காட்டிகளையும் தனியாள் பெயரில் அமைக்காது, பதவியின் பெயரிலான கணக்கில் அமைத்தால் முன்னுரையில் கூறிய இழப்பு நேராது.

காப்புநகலில் கோப்புகள், அமைவுக் கோப்புகள், தரவுத்தளம் ஆகிய மூன்றும் ஒரே நேரத்தனவாக இருத்தல் வேண்டும். அதனை வேறொரு கணினியில் மீட்டுப் பார்த்த பின்னரே காப்புநகல் உள்ளதெனக் கொள்ளலாம். மேலும், நெக்ஸ்ட்கிளவுடின் முதன்மைப் பதிப்புகளை ஒவ்வொன்றாகவே மேம்படுத்த இயலும். ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்டால் வேலை பெருகும்.

4. தமிழ்க் கோப்புப் பெயர்கள்

தமிழில் பணிபுரிவோர் கருத வேண்டிய வரம்பு ஒன்று உண்டு. லினக்ஸ் வழங்கிகளில் பரவலான எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டுகளைத் தாண்டலாகாது. யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட்டுகள் கொள்ளும். "தொல்காப்பியம்" என்னும் சொல்லில் எழுத்துகள் 7; ஒருங்குறிக் குறிகள் 13; பைட்டுகள் 39. ஆகப் பெயர் ஏறத்தாழ 85 குறிகளுக்குள் அடங்குதல் வேண்டும். விண்டோசின் என்டிஎஃப்எஸ் முறைமையோ 255 குறிகள் வரை ஏற்கும். ஆதலின், கட்டுரையின் முழுத் தலைப்பையே பெயராகக் கொண்ட கோப்பு, சொந்தக் கணினியில் இருந்தும் வழங்கியில் ஏறாது போகலாம். கோப்புகளை மாற்றுமுன் குறுகிய பெயரிடும் மரபை வகுத்துக்கொள்ளுதல் நலம்.

முடிவுரை

இரண்டு அல்லது மூன்று பேருடன் நாட்காட்டியில் தொடங்கி, பின்னர் முகவரிகள், இறுதியில் கோப்புகள் எனப் படிப்படியாக நிறுவுவது சிறு அலுவலகத்துக்கு உகந்தது. ஒவ்வொரு படியிலும் தரவை ஒருமுறை வெளியே எடுத்து, வேறொரு மென்பொருளில் திறந்து பார்த்தல் வேண்டும். அவ்வாறு திறக்க இயலுமாயின், மென்பொருள் மாறினும் ஆள் மாறினும் நிறுவனத்தின் ஆவணங்கள் நிறுவனத்திடமே நிற்கும்.