உங்களுக்குத் தெரியுமா? ஒரே படி, வேறு வேறு வாடகை

சென்னையில் மத்திய அரசு ஊழியர் கொடுங்கையூர் குப்பைக் கிடங்கை ஒட்டிக் குடியிருந்தாலும், அடையாறில் குடியிருந்தாலும் வீட்டு வாடகைப்படி ஒரே விகிதம்தான். வாடகையும் ஒன்றா என்று வீட்டுத் தரகரைக் கேட்டால் சிரிப்பார்.

• அளவுகோல் வாடகை அல்ல, தலைக்கணக்கு. மக்கள்தொகை 50 லட்சமும் அதற்கு மேலும் இருந்தால் ‘எக்ஸ்’ நகரம், 5 லட்சத்திலிருந்து 50 லட்சம் வரை ‘ஒய்’, மற்றவை ‘இசட்’. 7ஆவது ஊதியக் குழு முறையில், 2024 ஜனவரி முதல் அடிப்படைச் சம்பளத்தில் முறையே 30, 20, 10 சதவீதம். தமிழ்நாட்டில் ‘எக்ஸ்’ சென்னை மட்டுமே. கோவை, மதுரை, திருச்சி, சேலம் எல்லாம் ‘ஒய்’.

• அகவிலைப்படிக்கு இந்தப் பாகுபாடுகூடக் கிடையாது. மும்பைக்கும் விருதுநகருக்கும் ஒரே சதவீதம்.

• அகவிலைப்படிக்கு அடிப்படை, தொழில்துறைத் தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீடு. நாடெங்கும் 88 மையங்களில் விலை சேகரித்துத் தொழிலாளர் பணியகம் மாதந்தோறும் கணக்கிடுகிறது. ஒவ்வொரு மையத்துக்கும் அதனதன் 2016ஆம் ஆண்டு விலையே 100. ஆகவே குறியீடு உயர்ந்து நிற்கும் ஊரில் செலவு அதிகம் என்று பொருளல்ல. 2016க்குப் பிறகு அங்கே விலை வேகமாக ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். சென்னையில் வாழ்வது செலவா, கோவையில் வாழ்வது செலவா என்பதற்கு இந்த எண்ணில் விடை கிடையாது.