மோட்டார் போச்சுன்னாங்க, போனது கேபிள்

2018 நவம்பர் 16 விடிகாலையில வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த கஜா புயல் நம்ம புதுக்கோட்டை மாவட்டத்தையும் புரட்டிப் போட்டது ஞாபகம் இருக்கும். புயல் போன வழி முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. அப்போ எல்லாரும் கேட்ட கேள்வி, "கேபிளை மண்ணுக்குள்ள போட்டிருந்தா இந்தத் தொல்லை இல்லைல்ல?" காத்துக்குத் தப்பிக்கும், சரிதான். ஆனா மண்ணுக்குள்ளயும் கேபிள் சாகும். கம்பி அறுந்தா கண்ணுக்குத் தெரியும், இது தெரியாது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இதைப் பார்க்க லேப்புக்குப் போக வேண்டாம். ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பக்கம் தோட்டத்துக்குத் தோட்டம் போர்வெல். ஒவ்வொண்ணுலயும் பல நூறு அடி ஆழத்துக்கு ஒரு கேபிள் தொங்குது.

போன கோடையில எங்க சித்தப்பா தோட்டத்துல மோட்டார் போட்ட உடனே ட்ரிப் ஆச்சு. வந்தவர் பார்த்துட்டு "காயில் போச்சு, ரீவைண்டிங்தான்" என்றார். மோட்டாரை மேல ஏத்தி மெக்கர் வச்சுப் பார்த்தா காயில் நல்லாத்தான் இருந்துச்சு. மோட்டார் ஒயரும் கேபிளும் சேர்ற ஜாயின்ட்ல டேப்பைப் பிரிச்சதும் தண்ணி சொட்டுச்சு. அஞ்சு நாள் வாழைக்குத் தண்ணி இல்ல. தார் விடுற நேரம் வேற.

கேபிள் பெரும்பாலும் நடுவுல தானா சாகாது. நாம கை வச்ச இடத்துலதான் சாகும். தண்ணி மட்டத்துக்குக் கீழ ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுது. டேப் சுத்தினதுல ஒரு மயிரிழை இடைவெளி இருந்தாலும் அந்த அழுத்தம் தண்ணியை உள்ள தள்ளிடும். அப்புறம் செம்பு இழைகளுக்கு நடுவுல அது மெல்ல ஏறும். அதனாலதான் மூணு கோரையும் ஒரே இடத்துல வெட்டாம ஏணிப்படி மாதிரி முன்னப் பின்ன வெட்டிச் சேர்க்கணும். ஒரு ஜாயின்ட் ஊறினாலும் பக்கத்து பேஸோட ஷார்ட் ஆக வாய்ப்பு குறையும். அவசரத்துல நிறைய பேர் இதைச் செய்யறதில்ல.

அடுத்தது உரசல். மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போதெல்லாம் குழாய் ஒரு உதறு உதறும். சரியா கட்டாத கேபிள் கேசிங் பைப் விளிம்புல தினமும் தேயும். ஹோஸ் பைப் போட்டிருந்தா இன்னொரு சிக்கல்: தண்ணி பாரத்துல அது நீளும், செம்பு அந்த அளவு நீளாது. இறுக்கிக் கட்டினா இழுவை முழுக்க ஜாயின்ட் மேலதான் விழும். கட்டுக்குக் கட்டு கொஞ்சம் தொய்வு விடணும்.

மூணாவது, கஞ்சத்தனம்! 7.5 எச்பி மோட்டார் 12 ஆம்பியர் எடுக்குதுன்னு வைங்க. கேபிள் 600 அடி. 2.5 சதுர மி.மீ செம்புல போட்டா கேபிள்லயே சுமார் 26 வோல்ட் போயிடும். 6 சதுர மி.மீ போட்டா 11 வோல்ட்தான். வோல்டேஜ் குறைஞ்சா மோட்டார் கூடுதல் கரன்ட் இழுக்கும், கேபிள் இன்னும் சூடாகும். டூ பேஸ் நேரத்துல கெபாசிட்டர் வச்சு ஓட்டுனா மூணு கோர்லயும் கரன்ட் சமமா போகாது, ஒண்ணு மட்டும் தனியா வேகும். சாதாரண பிவிசி தாங்குறது 70 டிகிரி வரைக்கும்தான். அதுக்கு மேல ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும்னு ஒரு தோராயக் கணக்கு உண்டு.

வேடிக்கை என்னன்னா, தண்ணிக்குள்ள இருக்கிற கேபிள் குளுகுளுன்னு இருக்கும். வேகறது வெளியில வெயில்ல கிடக்கிற துண்டும், ஸ்டார்ட்டர் பெட்டிக்குக் கீழ சுருட்டி வச்ச மிச்சமும்தான். எலி கடிக்கிறதும் அங்கதான். இன்சுலேஷன் உரிஞ்ச அந்தத் துண்டை ஈரக்கால்ல மிதிச்சா உயிருக்கே ஆபத்து.

இதெல்லாம் ஒரே நாள்ல நடக்கறது இல்ல. 500 வோல்ட் மெக்கர் வச்சா முன்னாடியே பிடிக்கலாம். மெயினை ஆஃப் பண்ணி, ஸ்டார்ட்டர்ல கேபிளைக் கழட்டி, ஒயருக்கும் எர்த்துக்கும் நடுவுல பாருங்க. ஒயருக்கு ஒயர் பார்த்தா மோட்டார் காயில் வழியா கனெக்ஷன் காட்டும், ஒண்ணும் புரியாது. 1 மெகா ஓமுக்குக் கீழ இருந்தா தூக்கிப் பார்க்கற நேரம் வந்தாச்சு. ஆனா ஒரு தடவை பார்த்த எண்ணை விட அது மாசா மாசம் எப்படி இறங்குதுங்கறதுதான் முக்கியம்.

இப்போ சித்தப்பா ஸ்டார்ட்டர் பெட்டிக் கதவுக்கு உள்பக்கம் மார்க்கர்ல தேதியும் எண்ணும் எழுதி வைக்கிறார். நான் ஊருக்குப் போனா காபி வர்றதுக்கு முன்னாடி மெக்கரை எடுத்துக் கையில குடுத்துடுறார்.