வீடும் வாசலும் – 11: பதினெட்டு அடி

ஒரு குளியலறைச் சுவரைப் பார்த்துவிட்டு வந்துதான் இந்த வாரம் எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஆனைமலையில் என் மாமா வீட்டுச் சுவர் அது. வெள்ளையடித்த சுவரில், கதவைத் தாண்டியதும் இடது கைப்பக்கம், தரையிலிருந்து ஏறத்தாழ இரண்டே முக்கால் அடி உயரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பழுப்புக் கறை. அங்கிருந்து ஒரு முழம் தள்ளி, கொஞ்சம் கீழே இன்னொன்று. கதவு நிலவிலும் அதே உயரத்தில் மரம் வழவழவென்று கறுத்திருக்கிறது. எல்லாம் என் அமிச்சியின், அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டியின், கை பட்ட இடங்கள். வயது 84. இரண்டு வருடத்துக்கு முன் வாசப்படியில் சறுக்கி இடுப்பெலும்பு முறிந்தது. அதன்பிறகு சுவரைப் பிடித்துப் பிடித்தே நடக்கிறார். கைப்பிடிக் கம்பியை எங்கே பொருத்துவது என்று எந்தப் பொறியாளரையும் கேட்க வேண்டியதில்லை. அமிச்சியின் கை அந்த இடத்தை ஏற்கெனவே குறித்து வைத்திருக்கிறது.

மாமா இப்போது தோட்டத்தில் புது வீடு கட்டுகிறார். பேஸ்மட்டம் முடிந்து மண் கொட்டிக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரியிடம் கேட்டேன். "ஏனுங், முன்னால படி வைக்காம ஒரு பக்கம் சாய்வா உட்ரலாமுங்களா?"

"உடலாமுங்க. ஆனா பேஸ்மட்டம் ஒண்ணரை அடி வருது. சாய்வா உட்டா பாதி வாசல் போயிருமுங்க. காய் ஏத்தற வண்டி எங்க நிக்கறது?"

அவர் சொன்ன கணக்கு சரிதான். இந்திய அரசின் அணுகல்தன்மை நெறிமுறைப்படி சாய்தளத்தின் சரிவு ஒன்றுக்குப் பன்னிரண்டு. ஓரடி ஏற வேண்டுமானால் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். ஒன்றரை அடிக்கு 18 அடி. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்த நீளத்தை எளிதாகச் சொல்லிவிடலாம். கோயிலில் மாசாணியம்மன் மல்லாந்து படுத்திருக்கும் நீளம் 17 அடி என்பார்கள். தலையிலிருந்து பாதம் வரை அம்மனைச் சுற்றிக் கும்பிட்டு வந்தவர்களுக்கு அது எவ்வளவு என்று கண்ணில் நிற்கும். அதைவிட ஓரடி கூடுதலான பாதை இருந்தால்தான் சக்கர நாற்காலியில் இருப்பவர் யார் கையையும் எதிர்பார்க்காமல் தன் வீட்டுக்குள் ஏற முடியும்.

பேஸ்மட்டத்தை ஏன் இவ்வளவு உயர்த்துகிறோம்? மலையடிவார ஊர், மழைத் தண்ணீர் உள்ளே வரக்கூடாது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் ரோடு. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தாரைக் கொட்டுவார்கள். பத்து வருடத்தில் வீடு பள்ளத்துக்குப் போய்விடும். அந்தப் பயத்தில் வீடு கட்டுகிறவர் ஆரம்பத்திலேயே இரண்டடி, மூன்றடி என்று ஏற்றிவிடுகிறார். ஏற்றிய ஒவ்வோர் அடிக்கும் இரண்டு படி. பழைய அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டே புது ரோடு போட வேண்டும் என்று 2021 மே மாதம் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டார். ஊர் முழுக்கப் பேசியிருக்க வேண்டிய உத்தரவு அது. ரோடு உயராத தெருவில் வீடும் உயர வேண்டியதில்லை, படியும் குறையும். முதியோருக்கு உள்ளாட்சி செய்யக்கூடிய முதல் உதவி இதிலிருந்தே தொடங்குகிறது.

இனி அரசு கட்டித்தரும் வீடுகளுக்கு வருவோம். 2011-இல் தொடங்கிய பசுமை வீடு திட்டத்தில் வீட்டின் பரப்பு 300 சதுர அடியாக இருந்தது. மாவட்ட ஒதுக்கீட்டில் 3 சதவீதம் மாற்றுத்திறனாளிகளுக்கு என்று இருந்தது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 37-ஆம் பிரிவில் வீடு, நில ஒதுக்கீட்டுத் திட்டங்களில் 5 சதவீதம் தர வேண்டும், அதிலும் பெண்களுக்கு முன்னுரிமை என்கிறது. 2024-25 பட்ஜெட்டில் வந்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய், பரப்பு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடி கான்கிரீட் கூரை. 2030-க்குள் 8 லட்சம் வீடு கட்டி, குடிசையே இல்லாத தமிழ்நாடு ஆக்குவது இலக்கு. மனதாரப் பாராட்ட வேண்டிய திட்டம். ஓலைக் குடிசையில் மழைக்குப் பயந்து பாதி இரவு விழித்திருந்த குடும்பங்களை எனக்குத் தெரியும்.

ஆனால் இந்த ஒதுக்கீடு எதைத் தருகிறது? மாற்றுத்திறனாளிக்கு ஒரு வீட்டைத் தருகிறது. அந்த வீடு அவருக்கு ஏற்றதாக இருக்கிறதா என்பதை ஒதுக்கீட்டுச் சதவீதத்தால் உறுதி செய்ய முடியாது. சக்கர நாற்காலி முழுதாக ஒரு சுற்றுத் திரும்ப ஐந்தடி விட்டம் வேண்டும். 360 சதுர அடியில் 20 சதுர அடி அதற்கே போய்விடும். கடையில் தயாராகக் கிடைக்கும் குளியலறைக் கதவு இரண்டரை அடி. சட்டமும் கதவின் கனமும் போக மீதமாகும் இடைவெளியில் சக்கரம் நுழைந்தாலும், சக்கரத்தைத் தள்ளும் கைமுட்டி உரசித் தோல் போகும். மூன்றடி வேண்டும். அந்த அரையடிக்கு யாரும் தனியாகப் பணம் ஒதுக்குவதில்லை.

எங்கள் பக்கம் இது இன்னும் கூர்மையான பிரச்சினை. ஆனைமலை, பொள்ளாச்சி வட்டாரம் முழுக்கத் தென்னை. மரமேறிகள் நாற்பது, ஐம்பதடி உயரத்தில் வேலை செய்கிறவர்கள். தவறி விழுந்தால் முதுகெலும்புதான் முதலில் போகிறது. தென்னை வளர்ச்சி வாரியத்தின் காப்பீடு இருக்கிறது. விபத்துக்குப் பணம் வருகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் அந்த முப்பது வயது ஆள் தன் வீட்டு மூன்று படிக்கு முன்னால் வந்து நிற்கும்போது, தம்பியும் மச்சானும் அவரைத் தூக்கித்தான் உள்ளே வைக்க வேண்டும். முதல் வாரம் ஆர்வமாகத் தூக்குவார்கள். ஆறு மாதம் போனால் வாசலுக்கு வருவதையே அவர் குறைத்துக்கொள்வார்.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. அதே 2016 சட்டத்தின் 44-ஆம் பிரிவு, அணுகல் விதிகளுக்கு ஒத்துவராத கட்டட வரைபடத்துக்கு அனுமதி தரக்கூடாது என்கிறது. ஆனால் அது நிறுவனங்களுக்கு. நம் சொந்த வீடு அதில் வராது. பார்வைக் குறைபாடு உள்ள ராஜீவ் ரதூரி 2005-இல் தொடுத்த வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், அணுகல் விதி வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக வேண்டும் என்று தீர்ப்பளித்து மத்திய அரசுக்கு மூன்று மாதம் கெடு விதித்தது. பெரிய தீர்ப்பு. பஸ் ஸ்டாண்டும் தாலுகா ஆபீசும் அதனால் மாறலாம். நம் வீட்டு வாசலை அது தொடாது.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 2024 ஜூலையிலிருந்து தமிழ்நாட்டில் 2,500 சதுர அடி வரை உள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுகிறவர் சுயசான்று கொடுத்து ஆன்லைனிலேயே அனுமதி பெறலாம். ஆள் வந்து பார்ப்பதில்லை. அலைச்சல் மிச்சம், நல்ல மாற்றம்தான். ஆனால் வீட்டு வரைபடத்தை ஒரு அதிகாரி எடுத்துப் பார்க்கும் தருணமே இல்லாதபோது, கட்டாயம் என்ற வழி சொந்த வீட்டுக்குள் எப்படிச் செல்லும்? எனக்குத் தெரிந்து மீதமிருப்பது ஊக்கத்தொகை ஒன்றுதான். வீட்டுக்காரரே விரும்பிக் கேட்கும்படி செய்வது.

ஊக்கம் கொடுப்பது நமக்குப் புதிதா? நகர்ப்புற உள்ளாட்சிகளில் அரையாண்டுச் சொத்து வரியை முதல் மாதத்திலேயே கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி, அதிகபட்சம் 5,000 ரூபாய். கூரையில் மூன்று கிலோவாட் சோலார் பலகை போட்டால் பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம். 2003-இல் மழைநீர் சேகரிப்பு அமைக்காவிட்டால் குடிநீர் இணைப்பு போய்விடும் என்று சட்டம் வந்தது. அன்று வீட்டுக்கு வீடு தொட்டி தோண்டினார்கள். இன்று வீடு கட்டும் மேஸ்திரி யாரும் சொல்லாமலே அதற்குக் குழாய் விடுகிறார். மொட்டை மாடிக்கு மானியம் உண்டு, நிலத்தடி நீருக்குச் சட்டம் உண்டு. வீட்டு வாசலுக்கு மட்டும் எதுவும் இல்லை. தில்லி மாநகராட்சி மூத்த குடிமக்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் சொத்து வரியில் 30 சதவீதம் கழிவு தருகிறது. வரவேற்கலாம். ஆனால் அதுவும் ஆளுக்குத் தரும் சலுகை. அவர் குடியிருக்கும் வீட்டில் ஒரு படி குறைந்தாலும் குறையாவிட்டாலும் அதே 30 சதவீதம்தான்.

அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தின் மாண்ட்கோமரி கவுண்டி என்ற உள்ளாட்சி இதை வேறு விதமாக யோசித்தது. ஆளைப் பார்க்காமல் வீட்டைப் பார்த்துச் சொத்து வரிக் கழிவு தருகிறது. அதில் இரண்டு படிநிலை. சக்கர நாற்காலியில் வரும் விருந்தாளி உள்ளே வந்து போகும்படி இருந்தால் ஒரு கழிவு. அவர் அங்கேயே குடியிருக்கும்படி இருந்தால் அதைவிடப் பெரிய கழிவு. இந்த 'விருந்தாளி' என்ற அளவுகோல் எனக்கு மிகவும் பிடித்தது. 1980-களின் கடைசியில் அட்லாண்டாவில் எலினார் ஸ்மித் என்ற பெண்மணி தொடங்கிய இயக்கத்தின் யோசனை அது. அவரே சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். அவர் கேட்டது கொஞ்சம்தான்: படியில்லாத ஒரு வாசல், அகலமான கதவு, கீழ்த்தளத்திலேயே ஒரு கழிப்பறை. விருந்தோம்பலை இவ்வளவு பேசும் நம் சமூகத்துக்கு இதை விளக்கிச் சொல்லவே தேவையில்லை. எத்தனை கல்யாண வீட்டுக்கு, எத்தனை சீருக்கு, 'அங்க படி இருக்குது சாமி, நீங்க போய்ட்டு வாங்க' என்று பெரியவர்கள் பின்தங்கிவிட்டார்கள்!

நம்மவர்கள் நிறையப் பேர் வாழும் சிங்கப்பூரில் 2012 முதல், அரசு அடுக்ககங்களில் முதியோர் வீட்டுக் குளியலறைக்குக் கைப்பிடி, வழுக்காத தரைப் பூச்சு, வாசலுக்குச் சிறு சாய்தளம் போட்டுத் தருகிறார்கள். சிறிய வீடு என்றால் செலவில் 95 சதவீதம் வரை அரசே ஏற்கிறது. ஜப்பானில் 2000-இல் வந்த முதியோர் பராமரிப்புக் காப்பீட்டிலேயே வீட்டுத் திருத்தத்துக்கு 2 லட்சம் யென் வரை இடம் உண்டு. இடுப்பு முறிந்தபின் ஆகும் செலவைவிடக் கம்பிக்கு ஆகும் செலவு குறைவு என்று கணக்குப் போட்டுப் பார்த்த நாடுகள் இவை.

கோவையும் இதை அறியாத ஊர் இல்லை. ஓய்வுக்கால வீடுகளுக்கு இந்தியா முழுக்கப் பேர்பெற்ற மாவட்டம் இது. கர்னல் ஸ்ரீதரனின் கோவை கேர் போன்றவர்கள் வழிகாட்டிய அந்த வளாகங்களில் சாய்தளம், கைப்பிடி, வழுக்காத டைல்ஸ், அவசர மணி எல்லாம் சாதாரணம். மத்திய அரசும் 2019-இல் அவற்றுக்கென்று மாதிரி நெறிமுறை வெளியிட்டது. ஆக, எப்படிக் கட்டுவது என்பது இங்குள்ள கொத்தனார்களுக்குத் தெரியும். பணம் கொடுத்து அந்த வீட்டை வாங்க முடிந்தவருக்கு அது கிடைக்கிறது. தமிழ்நாட்டில் 2021 கணக்கீட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 13.6 சதவீதம், கேரளத்துக்கு அடுத்து நாம்தான். இத்தனை பேரும் வளாகங்களுக்குப் போகப்போவதில்லை. தோட்டத்திலும் தெருவிலும் காலனியிலும், பிறந்த ஊரிலேயே இருக்கப்போகிறவர்கள்.

ஆனைமலை ஒரு பேரூராட்சி. அதன் மன்றத்தில் ஒரு தீர்மானம் போட முடியும். படியில்லாத ஒரு வாசலும் மூன்றடிக் கதவும் உள்ள வீட்டுக்கு ஐந்தாண்டு சொத்து வரியில் ஒரு பங்கு கழிவு, வரைபடக் கட்டணத்தில் தள்ளுபடி. விதியைத் திருத்துவது அரசின் கையில் இருப்பதால், தீர்மானத்தை அங்கே அனுப்பிக் கேட்க வேண்டும். யார் அளந்து பார்ப்பது என்ற கேள்விக்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். சொத்து வரி போட டேப்போடு வருகிறாரே பில் கலெக்டர், அவரே கதவையும் அளந்துவிடலாம். கனவு இல்லத்தில், மாற்றுத்திறனாளி அடையாள அட்டை உள்ளவர் இருக்கும் வீட்டுக்குச் சாய்தளத்துக்கும் அகலக் கதவுக்கும் என்று தனியாக ஒரு தொகை சேர்த்துக் கொடுத்தால், 5 சதவீதம் என்று சட்டம் சொன்னதற்கு முழுப் பொருள் வரும்.

இதைக் கேட்பதற்கு இப்போது சரியான ஆளும் வந்திருக்கிறார். உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்கும் சட்ட மசோதாக்கள் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் வந்தன. பேரூராட்சி, ஊராட்சி எல்லாவற்றுக்கும் பொருந்தும். அந்த இருக்கையில் அமர்கிறவர் எழுந்து முதலில் பேசுவது வாசலைப் பற்றி இருக்கட்டும். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கவுன்சிலர்கள் கைதூக்க வேண்டும்.

மாமா வீட்டுக் கதைக்கு வருகிறேன். முன்வாசல் வண்டிக்கே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். பொறக்கடைப் பக்கம் மண்மேடு இயல்பாகவே உயரம். அங்கே பேஸ்மட்டத்துக்கும் தரைக்கும் முக்கால் அடிதான் வித்தியாசம். மேஸ்திரி நூல் பிடித்துப் பார்த்தார். பக்கச் சுவரை ஒட்டி ஒன்பதடி சாய்வு போதும் என்றார். ஒரு லோடு கிராவல், சில மூட்டை சிமெண்ட், வேறு செலவில்லை. குளியலறைச் சுவரில் கம்பி வரும் இடத்தில் ஹாலோ பிளாக் வைக்காமல் கான்கிரீட் நிரப்பச் சொன்னோம், பிடித்து இழுத்தாலும் பெயராமல் இருக்க. அமிச்சி திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "படி இருந்தா இருந்துட்டுப் போவுது கண்ணு. கக்கூசு மட்டும் ஊட்டோட ஒட்டுனாப்பல இருக்கட்டும்" என்றார். பழைய வீட்டில் அது மாட்டுக் கொட்டகைக்கு அந்தப் பக்கம், நாற்பது தப்படி தள்ளி.

வாசகர்களில் யாராவது இந்த மாதம் வீட்டுக்குக் கடக்கால் எடுப்பதாக இருந்தால், நிலவு வைப்பதற்கு முன் மேஸ்திரியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்: குளியலறைக் கதவு மூன்றடி. நிலவு வைத்த பிறகு சுவரை உடைக்க வேண்டியிருக்கும்.

(தொடரும்)