அடுப்பில் ஏற்றாத தோசைக்கல், ஐஸ் கட்டியை உருக்குமா? சுட்டிகளுக்கு சமையலறையில் ஒரு வெப்பப் பாடம்!

காலையில் அடுப்பு பற்றவைப்பதற்கு முன்னால், உங்கள் வீட்டுச் சுட்டியைச் சமையலறைக்குக் கூப்பிடுங்கள். இரவு முழுக்க மேடைமேல் பக்கத்துப் பக்கத்தில் இருந்த தோசைக்கல்லையும் மரச் சப்பாத்திப் பலகையையும் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். "எது ஜில்லுனு இருக்கு?" என்று கேட்டால், யோசிக்காமல் "தோசைக்கல்!" என்று பதில் வரும்.

அடுத்த கேள்விதான் முக்கியம். "இது ரெண்டு மேலயும் ஆளுக்கொரு ஐஸ் கட்டி வெச்சா, எது முதல்ல உருகும்?"

"பலகை மேல இருக்கறதுதான். தோசைக்கல்தான் ஏற்கெனவே ஜில்லுனு இருக்கே!" என்பார்கள் பெரும்பாலான பிள்ளைகள். பெரியவர்கள் பலரும் அப்படித்தான் சொல்வார்கள். வைத்துப் பாருங்கள். தோசைக்கல்லில் வைத்த கட்டி கண்ணெதிரே கரைந்து ஓடும். பலகையில் இருப்பது அசையாமல் உட்கார்ந்திருக்கும். (பரிசோதனை முடிந்ததும் கல்லைத் துடைத்து எண்ணெய் தடவிவிடுங்கள். துருப்பிடித்தால் வீட்டில் திட்டு நிச்சயம்!)

கை சொல்லும் பொய்

ஒரே அறையில் இரவு முழுக்க இருந்ததால் கல், பலகை இரண்டுமே கிட்டத்தட்ட ஒரே வெப்பநிலையில்தான் இருக்கின்றன. பிறகு ஏன் கல் மட்டும் ஜில்லிடுகிறது?

நம் உடலின் வெப்பநிலை சுமார் 37 டிகிரி செல்சியஸ். அறையைவிட நம் கை சூடு. வெப்பம் எப்போதுமே சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்குத்தான் தானாகப் போகும். இரும்பு நல்ல வெப்பக் கடத்தி. கையிலிருந்து வெப்பத்தை மளமளவென்று இழுத்துக்கொள்கிறது, அதனால் ஜில்லென்று தெரிகிறது. மரம் மெதுவாகத்தான் இழுக்கும். கை உணர்வது வெப்பநிலையை அல்ல, வெப்பம் எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதைத்தான்.

ஐஸ் கட்டி விஷயத்தில் இதே கதை தலைகீழ். இப்போது கல்தான் சூடான பொருள். அது தன் வெப்பத்தை ஐஸுக்கு வேகமாகக் கொடுக்கிறது, ஐஸ் உருகுகிறது.

இதிலிருந்து பிள்ளைகளுக்குப் புரியவேண்டியது ஒன்றுதான். 'குளிர்' என்று தனியாக எதுவும் பயணிப்பதில்லை. ஐஸைத் தொட்டால் குளிர் கைக்குள் வருவதில்லை, கையிலிருந்து வெப்பம் வெளியே போகிறது.

ஸ்வெட்டர் போட்ட ஐஸ்

இரண்டு ஐஸ் கட்டிகளைத் தனித்தனி பிளாஸ்டிக் கவரில் போடுங்கள். ஒன்றைத் தடித்த கம்பளித் துணியில் சுற்றுங்கள், இன்னொன்றை அப்படியே தட்டில் விடுங்கள். கம்பளி 'சூடு தரும்' என்று நம்பும் பிள்ளைகள், சுற்றிய கட்டிதான் முதலில் உருகும் என்பார்கள். நடப்பது நேர்மாறு. கம்பளி தானாகச் சூடு தருவதில்லை. அதன் இழைகளுக்கு நடுவே சிக்கியிருக்கும் காற்று, வெப்பம் உள்ளே வருவதையும் வெளியே போவதையும் தாமதப்படுத்துகிறது, அவ்வளவுதான்.

இந்தச் சூத்திரத்துக்குச் சென்னையில் ஒரு சாட்சியே நிற்கிறது. மெரினா எதிரே இருக்கும் விவேகானந்தர் இல்லத்தின் பழைய பெயர் ஐஸ் ஹவுஸ். 1842-ல் கட்டப்பட்டது. ஃபிரெடரிக் டியூடர் என்ற அமெரிக்க வியாபாரி, அங்குள்ள ஏரிகளில் உறைந்த பனிக்கட்டிகளை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் ஏற்றி மதராஸுக்கு அனுப்பினார். ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்தில், மாதக்கணக்கான கடல் பயணத்தைத் தாண்டி அந்த ஐஸ் வந்து சேர்ந்ததென்றால், பெருமை மரத்தூளுக்குத்தான்!

மூன்று வழிகள்

வெப்பம் இடம் மாறுவதற்குப் பாடப்புத்தகம் மூன்று வழிகளைச் சொல்கிறது.

வெப்பக் கடத்தல்: குழம்பில் போட்ட எவர்சில்வர் கரண்டியின் கைப்பிடி சுடுகிறதே, அதுதான். மரக்கரண்டியில் அப்படிச் சுடாது.

வெப்பச்சலனம்: பீட்ரூட் சாற்றை ஐஸ் கட்டியாக உறையவைத்து, கண்ணாடி டம்ளரில் உள்ள வெதுவெதுப்பான நீரில் மிதக்கவிடுங்கள். சிவப்பு நிறம் கோடுகோடாகக் கீழே இறங்கும். குளிர்ந்த நீர் கனம், அதனால் இறங்குகிறது. சூடான நீர் மேலே ஏறுகிறது. வெயில் நேரத்தில் சூடான தரைக்காற்று மேலே ஏற, அந்த இடத்துக்குக் கடலிலிருந்து காற்று வருவதும் இதே விளையாட்டுதான்.

வெப்பக் கதிர்வீச்சு: சூரியனுக்கும் நமக்கும் நடுவே பெரும்பகுதி வெற்றிடம். ஆனாலும் வெயில் சுடுகிறது. இந்த வழிக்கு எந்தப் பொருளும் நடுவில் தேவையில்லை.

மூன்றையும் ஒரே இடத்தில் தடுப்பதுதான் ஃபிளாஸ்க். 1892-ல் ஜேம்ஸ் டீவர் உருவாக்கினார். இரட்டைச் சுவருக்கு நடுவில் உள்ள வெற்றிடம் கடத்தலையும் சலனத்தையும் தடுக்கிறது, பளபளக்கும் பூச்சு கதிர்வீச்சைத் திருப்பி அனுப்புகிறது.

மார்க்குக்கு மட்டுமல்ல!

இந்தப் பாடம் புரிந்த பிள்ளை, ஆபத்து நேரத்தில் சரியாக யோசிக்கும். கையில் சூடு பட்டதும் டூத்பேஸ்ட், இங்க், தோசை மாவு என்று தடவும் பழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. அடுப்பிலிருந்து கையை எடுத்த பிறகும் தோலுக்குள் வெப்பம் தங்கியிருக்கும். அது வெளியே போகவேண்டும். அதற்குக் குழாய்த் தண்ணீர் 20 நிமிடங்கள் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். மேலே பூசும் பேஸ்ட், வெப்பத்தை உள்ளேயே அடைத்துவிடும். ஐஸும் வேண்டாம், அது காயம்பட்ட தோலை மேலும் பாதிக்கும். பெரிய காயம் என்றால் உடனே மருத்துவமனைதான்.

வெயிலில் பூட்டிய காரும் அப்படித்தான். கண்ணாடி வழியே நுழையும் வெயிலை சீட்டுகள் உறிஞ்சிச் சூடாகின்றன. சூடான காற்று வெளியேற வழியில்லை. 10 நிமிடங்களிலேயே உள்ளே சுமார் 10 டிகிரி கூடிவிடலாம். பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடல் பல மடங்கு வேகமாகச் சூடாகும். 'ரெண்டே நிமிஷம்' என்று குழந்தையைக் காரில் விட்டுவிட்டு இறங்கவே கூடாது.

கடைசியாக, பெற்றோருக்கு ஒரு டிப்ஸ். விடையை முதலில் சொல்லிவிடாதீர்கள். பிள்ளைகள் ஊகிக்கட்டும், அது தப்பாகட்டும், "ஏன்?" என்று அவர்களே கேட்கட்டும். வெந்நீர், அடுப்பு பக்கம் போகிற பரிசோதனை என்றால் மட்டும் நீங்கள் கூடவே இருங்கள்.

நாளைக் காலை தோசை ஊற்றுவதற்கு முன் ஒரு ஐஸ் கட்டி... மறந்துடாதீங்க!