வெளியே பூட்டு, உள்ளே வழி: தம்மாம் வீடுகளின் பாதுகாப்பு

சவுதி அரேபியாவின் கிழக்கு மாகாணத் தலைநகரான தம்மாமில், பள்ளிக்கூடங்களுக்குக் கோடை விடுமுறை தொடங்கியதும் தமிழ்க் குடும்பங்கள் பலவும் தாயகம் புறப்பட்டு விடுகின்றன. வாரக்கணக்கில், சில வேளைகளில் இரண்டு மாதங்கள் வரை, வாடகைக் குடியிருப்புகள் ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கின்றன. கதவில் உள்ள பூட்டு போதுமானதா, அதை மாற்ற வேண்டுமா என்ற கேள்வி பெரும்பாலும் பயணப் பெட்டிகளைக் கட்டும் அந்த நேரத்தில்தான் எழுகிறது.

ஆனால் பூட்டு என்பது வீடு காலியாக இருக்கும் நாட்களுக்கு மட்டும் உரியதல்ல. குடும்பம் உள்ளே உறங்கும் இரவுகளிலும் அதே பூட்டுதான் கதவில் இருக்கிறது. 2024ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் தேதி அதிகாலை, குவைத்தின் மங்காஃப் பகுதியில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் தங்கியிருந்த அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் தீப்பிடித்ததில் சுமார் 50 பேர் உயிரிழந்தனர். அவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள் 7 பேர். தரைத்தளத்தில் ஏற்பட்ட மின்கசிவே காரணம் என்று அந்நாட்டுத் தீயணைப்புத் துறை தெரிவித்தது. படிக்கட்டு வழியே மேலே சென்றவர்கள் மொட்டைமாடிக்கு வெளியேற முடியாதபடி அங்கிருந்த கதவு பூட்டப்பட்டிருந்தது என்றும் அதிகாரிகள் கூறினர். இறந்தவர்களில் பலர் தீயினால் அல்ல, புகையினால் மூச்சுத்திணறி இறந்தவர்கள்.

மொட்டைமாடிக் கதவைப் பூட்டி வைப்பது வளைகுடா நகரங்களில் அரிதான செயல் அல்ல. நீர்த்தொட்டிகளும் குளிர்சாதனக் கருவிகளும் அங்கே இருப்பதால் பாதுகாப்பு கருதிப் பூட்டுகிறார்கள். ஆகவே தம்மாமில் பூட்டு மாற்ற நினைக்கும் ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டு கேள்விகளுக்கு விடை தேட வேண்டியிருக்கிறது. வெளியே இருப்பவர் உள்ளே வருவது எவ்வளவு கடினம் என்பது ஒன்று. உள்ளே இருப்பவர், இருட்டில், புகையில், சாவியைத் தேடாமல் வெளியே செல்வது எவ்வளவு எளிது என்பது மற்றொன்று. கடைகளில் முதல் கேள்விக்கு மட்டுமே விடை விற்கப்படுகிறது.

ஊரிலிருந்து வந்த பழக்கம்

தமிழ்நாட்டில் பாதுகாப்பு என்றதும் நினைவுக்கு வருவது கனமான தொங்குபூட்டு. திண்டுக்கல் பூட்டுக்கு 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. அவ்வூரின் கைவினைஞர்கள் செய்த மாங்காய்ப் பூட்டு இன்றும் பழைய வீடுகளிலும் கடைகளிலும் காணக் கிடைக்கிறது. கொண்டியை நாதாங்கியில் மாட்டி, பூட்டைத் தொங்கவிட்டு, இழுத்துப் பார்த்துவிட்டுப் படியிறங்கும் அந்தப் பழக்கம் கடல் கடந்தும் உடன் வருகிறது. இரும்புக் கிராதிக் கதவு ஒன்றைக் கூடுதலாகப் பொருத்தி, இரவில் அதற்கும் உட்புறமாகத் தொங்குபூட்டு போட்டு, சாவியை அலமாரியில் வைத்துவிட்டு உறங்கும் குடும்பங்கள் உண்டு.

தாயகத்தில் முன்வாசலும் கொல்லைவாசலும் உள்ள வீட்டில் இதன் ஆபத்து குறைவு. நான்காவது மாடியில், ஒரே வாசல் உள்ள குடியிருப்பில் நிலைமை முற்றிலும் வேறு.

சவுதி அரேபியாவின் கட்டட விதித்தொகுப்பு, அமெரிக்காவைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச விதித்தொகுப்புக் குழுமத்தின் மாதிரியைத் தழுவியது. வெளியேறும் வழியில் உள்ள கதவு, உட்புறத்திலிருந்து சாவியோ தனித்திறனோ இல்லாமல் திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது அந்த மாதிரியின் அடிப்படைக் கோட்பாடுகளில் ஒன்று. பழைய கட்டடங்களில் இதை எதிர்பார்க்க முடியாது. ஆனால் வீட்டுக் கதவைப் பொறுத்தவரை, குடியிருப்பவரே சிறு செலவில் இதை நிறைவேற்றிக்கொள்ள முடியும்.

மாற்ற வேண்டியது பூட்டையா, சிலிண்டரையா?

தம்மாம், அல்கோபர் பகுதிகளின் குடியிருப்புகளில் பரவலாகக் காணப்படுவது கதவின் தடிமனுக்குள் பதிக்கப்பட்ட மார்ட்டிஸ் பூட்டு. அதன் சாவித் துளை உள்ள பகுதி, ஐரோப்பிய வடிவ சிலிண்டர் எனப்படும் தனி உறுப்பு. மேலே வட்டமாகவும் கீழே சப்பையாகவும் இருக்கும் இதை மட்டும் தனியே கழற்றி மாற்றலாம். பெட்டி, கைப்பிடி, கதவு எதையும் தொட வேண்டியதில்லை. பலர் இதை அறியாமல் முழுப் பூட்டுக்கும் பணம் கொடுத்துவிடுகிறார்கள்.

சிலிண்டருக்குள் வெவ்வேறு உயரங்களில் சிறு ஊசிகள் சுருளின் மீது நிற்கின்றன. சரியான சாவி நுழைந்தால் அவை அனைத்தும் ஒரே கோட்டில் நின்று, உள்ளுருளை சுழல வழி விடுகின்றன. மரத்தால் ஆன இதன் மூதாதைகளைப் பண்டைய எகிப்தும் மெசொப்பொத்தேமியாவும் அறிந்திருந்தன. இன்றைய உலோக வடிவத்துக்கு அமெரிக்கரான லைனஸ் யேல் இளையவர் 1861ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார். அடிப்படை இன்னமும் மாறவில்லை. அதன் பலவீனங்களும் அவ்வாறே.

முதல் பலவீனம் தொழில்நுட்பம் சார்ந்ததே அல்ல. வாடகை வீட்டின் சாவி எத்தனை பேரிடம் இருக்கிறது என்பது எவருக்கும் தெரியாது. உரிமையாளர், முகவர், ஹாரிஸ் என்று அழைக்கப்படும் கட்டடக் காவலர், முன்பு குடியிருந்தவர், அவருடன் அறையைப் பகிர்ந்துகொண்டவர்கள் என்று பட்டியல் நீளும். சாதாரணச் சாவிக்கு எந்தக் கடையிலும் சில நிமிடங்களில் நகல் கிடைக்கும். ஆகவே குடிபுகும் நாளில் சிலிண்டரை மாற்றுவதே, எந்த விலை உயர்ந்த பூட்டையும் விடப் பயன் தரும் ஒரே நடவடிக்கை. உரிமையாளரிடம் முன்கூட்டியே சொல்லி, எழுத்தில் ஒப்புதல் பெற்றுக்கொள்வது பின்னர் வரும் தகராறைத் தவிர்க்கும்.

இரண்டாவது பலவீனம் சிலிண்டரின் நடுவில் இருக்கிறது. அதைக் கதவுடன் பிணைக்கும் திருகாணிக்கான துளை அங்கேதான் உள்ளது. உலோகம் மிக மெல்லியதாக இருப்பதும் அங்கேதான். சிலிண்டரின் முனை கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், அதைக் கருவியால் பற்றி முறித்துவிட முடியும். பிரிட்டனில் இத்தகைய திருட்டுகள் பெருகிய பிறகுதான் முறிப்பைத் தாங்கும் சிலிண்டர்களுக்கெனத் தனித் தரநிர்ணயம் வகுக்கப்பட்டது. தம்மாமில் வாங்குபவர் கவனிக்க வேண்டியது, முதலில் அளவு. கதவைத் திறந்து அதன் விளிம்பில் உள்ள திருகாணியின் மையத்திலிருந்து வெளிமுனை வரையிலும், உள்முனை வரையிலும் தனித்தனியாக அளக்க வேண்டும். இரு பக்கமும் சமமாக இருக்கும் என்று கருதக் கூடாது. பொருத்திய பின் வெளிமுனை கைப்பிடித் தகட்டுடன் ஏறத்தாழச் சமமாக நிற்க வேண்டும். இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் நீட்டக் கூடாது.

மாற்றும் வேலை கடினமானதல்ல. கதவைத் திறந்து வைத்து, விளிம்பில் சாவித் துளைக்கு நேராக உள்ள நீண்ட திருகாணியைக் கழற்ற வேண்டும். சாவியைச் செருகிச் சற்றே திருப்பினால், நடுவிலுள்ள உலோக நாக்கு சிலிண்டரின் உடலுக்குள் மறையும். அப்போது இழுத்தால் கையோடு வந்துவிடும். புதியதைப் பொருத்திய பின், கதவு திறந்திருக்கும்போதே பலமுறை பூட்டித் திறந்து பார்ப்பது நல்லது. மூடிய பிறகு பழுதைக் கண்டுபிடிப்பவர்கள் பூட்டுத் திறப்பவரைத் தேடி அலைய நேரிடும்.

எட்டு இலக்கங்கள் சொல்வது

கடைக்காரர் எல்லாப் பூட்டையும் முதல் தரம் என்றே சொல்வார். ஓரளவு நம்பத்தக்கது, பெட்டியின் மேல் அச்சிடப்பட்டிருக்கும் இஎன் 1303 என்ற ஐரோப்பியத் தரக் குறியீடு. அதனுடன் எட்டு இடங்கள் கொண்ட ஒரு வரிசை இருக்கும். ஏழாவது இடம் சாவி தொடர்பான பாதுகாப்பைக் குறிக்கிறது; 1 முதல் 6 வரை உயர்ந்து செல்லும். எட்டாவது இடம் துளையிடுதல், முறித்தல் போன்ற தாக்குதலைத் தாங்கும் திறன். அங்கே சுழியம் இருந்தால் அத்தகைய பாதுகாப்பு எதுவும் கோரப்படவில்லை என்று பொருள். 2015ஆம் ஆண்டுப் பதிப்பின்படி ஏ முதல் டி வரையிலான எழுத்துகளில் டி மிக உயர்ந்தது.

தம்மாமைப் பொறுத்தவரை ஆறாவது இடமும் முக்கியமானது. அது துருவையும் வெப்பநிலையையும் தாங்கும் திறனைச் சொல்கிறது. சி என்றிருந்தால் இரண்டுக்கும் சோதிக்கப்பட்டது. கடலோரத்து உப்புக் காற்றும், கோடையின் ஈரப்பதமும், பாலைவனத்திலிருந்து வரும் நுண்தூசியும் ஒன்றுசேரும் நகரில் இது அலங்காரத் தகவல் அல்ல. பூட்டு இறுகிவிட்டால் சமையல் எண்ணெய் விடுவது பலரது வழக்கம். அது தூசியைப் பற்றிக்கொண்டு, சில வாரங்களில் பசையாகிவிடும். கிராஃபைட் தூள் அல்லது பூட்டுக்கென விற்கப்படும் உலர் மசகுப் பொருளே பொருத்தமானது.

இனி உள்பக்கம். சாதாரண சிலிண்டரில் இரு பக்கமும் சாவித் துளை இருக்கும். உள்ளேயிருந்து பூட்டி, சாவியை எடுத்துவிட்டால் அதே சாவி இல்லாமல் வெளியேற முடியாது. துளையிலேயே விட்டுவிட்டால், பல வகைகளில் வெளியிலிருந்து மற்றொரு சாவியால் திறக்க முடியாது. முதியவர் ஒருவர் உள்ளே மயங்கி விழுந்தால் மகன் வாசலில் நிற்க வேண்டியதுதான். உட்புறம் சாவித் துளைக்குப் பதிலாகக் கையால் திருகும் குமிழ் உள்ள சிலிண்டர் இந்த இரு சிக்கல்களையும் பெருமளவு தீர்க்கிறது. விலை வேறுபாடு சிறியது. கதவில் அல்லது அதன் அருகில் கண்ணாடிப் பகுதி இருந்தால் மட்டும், அதை உடைத்துக் கையை விட்டுக் குமிழைத் திருக வாய்ப்புண்டு என்பதால், கண்ணாடிக்கு வலுவூட்ட வேண்டும்.

கதவை இழுத்துச் சாத்திவிட்டுச் செல்வது பூட்டியதாகாது. அப்போது பிடித்திருப்பது சுருளால் இயங்கும் சாய்வு நாக்கு மட்டுமே. நெகிழ்வான பிளாஸ்டிக் அட்டையால் அதைத் தள்ளிவிட முடியும். சாவியை முழுமையாகத் திருப்பினால்தான் தடித்த தாழ் நிலைக்குள் செல்கிறது. அந்தத் தாழைத் தாங்கும் தகடு மரநிலையில் சிறு திருகாணிகளால் பொருத்தப்பட்டிருந்தால், பலமாக உதைத்தாலே பெயர்ந்து வரக்கூடும். நீண்ட திருகாணிகள் சில ரியால்களில் கிடைக்கின்றன.

சன்னலும் மறந்துபோன துவாரமும்

அலுமினியச் சட்டத்தில் பக்கவாட்டில் நகரும் சன்னல்களே இங்கு அதிகம். அவற்றின் பிறை வடிவக் கொக்கி, காற்றுக்குத் திறக்காமல் இருப்பதற்கானது. திருடனுக்கு எதிரானது அல்ல. மேலும், பழைய சன்னல்களைச் சட்டத்தோடு மேலே தூக்கிப் பள்ளத்திலிருந்து வெளியே எடுத்துவிடலாம். மேற்பள்ளத்தில் ஒரு திருகாணியை முனை நீட்டிக்கொண்டிருக்குமாறு பொருத்தினால் தூக்குவது தடைபடும். கீழ்ப்பள்ளத்தில் அளவாக வெட்டிய மரக்கட்டையை வைத்தால் நகர்த்துவது தடைபடும். மரக்கட்டை உள்ளிருப்பவர் நொடியில் நீக்கக்கூடியது.

பழைய குடியிருப்புகளில் இதைவிடக் கவலைக்குரியது சுவரில் உள்ள குளிர்சாதனத் துவாரம். சன்னல் வகைக் கருவியை அகற்றிவிட்டுப் பிளவு வகைக்கு மாறியபோது, அந்த இடத்தை ஒட்டுப்பலகையால் மூடியிருப்பார்கள். ஒல்லியான ஒருவர் நுழைய அது போதும். கதவுக்கு நூற்றுக்கணக்கான ரியால்கள் செலவிட்டு இதைக் கவனிக்காமல் விடுபவர்கள் இருக்கிறார்கள்.

தரைத்தளத்தில் இரும்புக் கிராதி தேவைப்படலாம். ஆனால் படுக்கையறைச் சன்னல் ஒன்றிலாவது, உள்ளிருந்து சாவியின்றித் திறக்கும் கீல் வைத்த கிராதி இருக்க வேண்டும். மேல்தளங்களில் நிலைமை வேறு: அங்கே அச்சம் திருடன் அல்ல, குழந்தை தவறி விழுவது. சன்னல் சுமார் 10 சென்டிமீட்டருக்கு மேல் திறக்காமல் தடுக்கும் கட்டுப்பான்கள் இதற்கெனவே விற்கப்படுகின்றன; பெரியவர்கள் விடுவிக்கக்கூடிய வகையைத் தேர்வு செய்வது நல்லது.

மின்னணுப் பூட்டுகளைப் பற்றி இரண்டு சொற்கள் போதும். 45 டிகிரியைத் தாண்டும் வெயில் நேராக விழும் கதவில் மின்கலங்கள் விரைவில் கெடும். இரண்டு மாத விடுமுறை முடிந்து நள்ளிரவில் திரும்பும் குடும்பத்துக்கு, வழக்கமான சாவித் துளையும் உள்ள வகையே உதவும்.

வெளியிலிருந்து பூட்டுவது

அதிகாலைப் பணிக்குச் செல்பவர், உறங்கும் மனைவி மக்களை எழுப்ப மனமின்றி, வெளியிலிருந்து பூட்டிச் செல்வதுண்டு. உட்புறக் குமிழ் இல்லாத கதவில் இது அவர்களைச் சிறை வைப்பதற்குச் சமம். வளைகுடா வீடுகளில் பணிபுரியும் பெண்களின் நிலை இன்னும் கடுமையானது. சவுதியில் ஆசிய வீட்டுப் பணியாளர்கள் குறித்து ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2008ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை, இலங்கையர் உள்ளிட்ட பெண்கள் வீட்டுக்குள் வைத்துப் பூட்டப்படுவதைப் பதிவு செய்தது. பூட்டுக் கடையில் இதற்குத் தீர்வு இல்லை.

தொழிலாளர் முகாம்களில், ஒருவரின் உடைமைக்கு இருக்கும் ஒரே காவல் இரும்பு அலமாரியின் தொங்குபூட்டு. வளையம் குறைவாக வெளித்தெரியும், கடினப்படுத்திய எஃகு வளையம் கொண்ட பூட்டை வெட்டுவது கடினம். ஆனால் அறையின் கதவுக்கும் படிக்கட்டின் உச்சியில் உள்ள கதவுக்கும் தொங்குபூட்டு கூடாது. அங்கே வேண்டியது, வெளியிலிருந்து திறக்காமலும் உள்ளிருந்து உடலால் தள்ளினாலே திறப்பதாகவும் உள்ள தள்ளுகம்பிப் பூட்டு. திரையரங்குகளில் காணப்படும் இது, இஎன் 1125 என்ற தரத்தில் வருகிறது. முகாம் நிர்வாகத்திடம் இதைக் கேட்பது தொழிலாளிக்கு எளிதல்ல என்பது உண்மை. தீ அபாயம் குறித்த அவசர உதவிக்குக் கிழக்கு மாகாணத்தில் 911 என்ற எண்ணை அழைக்கலாம்.

கழற்றிய பழைய சிலிண்டரை, அதன் சாவிகளோடு ஓர் உறையில் பத்திரப்படுத்தி வைக்க வேண்டும். வீட்டைக் காலி செய்யும்போது அதையே மீண்டும் பொருத்திவிட்டு, புதியதை அடுத்த வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம். கதவின் தடிமன் ஒத்துப்போனால்.