சம்மன் வந்த பிறகு செட்டில்மென்ட் கம்பெனி காப்பாற்றுமா?

கிரெடிட் கார்டு பாக்கிக்கோ தனிநபர் கடனுக்கோ வங்கி வழக்குப் போட்டுவிட்டால் வீட்டுக்குச் சம்மன் வரும். கோர்ட் அமீனா நேரில் வந்து கையெழுத்து வாங்குவார், அல்லது பதிவுத் தபாலில் வரும். வாங்க மறுத்தால் கதவில் ஒட்டிவிட்டுப் போவார்கள். ஒட்டினாலும் சார்பு செய்ததாகவே கணக்கு. இந்தத் தாளைப் படமெடுத்து, மாதாமாதம் சந்தா கட்டிவரும் ‘லோன் செட்டில்மென்ட்’ கம்பெனிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, “நாங்க பாத்துக்கறோம் சார்” என்ற பதிலை நம்பி இருந்துவிடுபவர்கள் நிறையப் பேர். வாய்தா தேதி அந்தப் பதிலுக்காகத் தள்ளிப்போவதில்லை.

இந்தக் கம்பெனிகளின் வழக்கமான யோசனை இதுதான்: இ.எம்.ஐ. கட்டுவதை நிறுத்துங்கள், அந்தப் பணத்தைத் தனியாகச் சேருங்கள். 90 நாள் தவணை நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். அதன் பிறகு வங்கி தள்ளுபடிக்கு இறங்கிவரும். முடித்துக் கொடுத்தால் மிச்சமான தொகையில் கம்பெனிக்கு ஒரு பங்கு. வங்கி இறங்கிவருவதும் நடக்கத்தான் செய்கிறது. நான்கைந்து கார்டுகளின் வசூல் அழைப்புகளை எடுக்கவே நடுங்கிப் போனவருக்குப் பேசித்தர ஓர் ஆள் இருப்பது பெரிய ஆறுதல் என்பதையும் மறுக்க முடியாது. ஆனால் அதே காத்திருப்புக் காலத்தில் வங்கி வழக்கும் போடலாம். கார்டு பாக்கியின் வட்டியும் அபராதமும் ஏறிக்கொண்டே இருக்கும்.

வங்கிக்கும் நிதி நிறுவனத்துக்கும் ரிசர்வ் வங்கியின் கண்காணிப்பு உண்டு. நடுவில் நிற்கும் இந்தக் கம்பெனிகளுக்கென்று தனி உரிமமோ கட்டண வரம்போ இல்லை. கட்டணம் வாங்கிக்கொண்டு ‘கடன் தள்ளுபடிச் சான்றிதழ்’ தருவதாக விளம்பரம் செய்பவர்களை நம்ப வேண்டாம் என்று 2023 டிசம்பரில் ரிசர்வ் வங்கியே எச்சரித்தது.

அதைவிட முக்கியமான விஷயம், கோர்ட்டில் உங்களுக்காக நிற்க ஒரு கம்பெனிக்கு உரிமையே கிடையாது. 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டப்படி, பதிவு பெற்ற வழக்கறிஞர் மட்டுமே ஆஜராகலாம். இல்லாவிட்டால் நீங்களே போய் நிற்கலாம். “எங்களிடம் வக்கீல் குழு இருக்கிறது” என்று கம்பெனி சொன்னால் சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு. வக்காலத்தில் நீங்கள் கையெழுத்துப் போட்டீர்களா? போடவில்லை என்றால் உங்கள் வழக்கில் யாரும் உங்களுக்காக ஆஜராகவில்லை. போட்டிருந்தால் அந்த வக்கீலின் பெயரையும் பதிவு எண்ணையும் கேட்டு வாங்குங்கள். சம்மனில் வழக்கு எண்ணும் கோர்ட்டின் பெயரும் இருக்கும். இ-கோர்ட்ஸ் செயலியில் அதைத் தட்டினால் கடந்த வாய்தாவில் என்ன நடந்தது, அடுத்தது எப்போது என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

நாள் கணக்கு மிகவும் குறுகியது. சாதாரண உரிமையியல் வழக்கில், சம்மன் கிடைத்ததிலிருந்து 30 நாளுக்குள் எதிர்வழக்குரை தாக்கல் செய்ய வேண்டும்; தக்க காரணம் இருந்தால் கோர்ட் 90 நாள் வரை நீட்டலாம். எழுத்துமூல ஒப்பந்தத்தை வைத்து வரும் பணக் கோரிக்கை என்பதால், சிவில் நடைமுறைச் சட்டத்தின் 37ஆம் கட்டளையின் கீழ்ச் சுருக்கமுறை வழக்காகவும் வங்கி போட முடியும். அதில் 10 நாளுக்குள் ஆஜரானதைப் பதிவு செய்ய வேண்டும். பிறகு தீர்ப்புக்கான சம்மன் வரும். அது கிடைத்த 10 நாளுக்குள், எதிர்வாதம் செய்ய அனுமதி கேட்டு மனுப் போட வேண்டும். முதல் 10 நாளைத் தவறவிட்டால் வங்கி பிராதில் சொன்னதையெல்லாம் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். கம்பெனியின் பிரதிநிதி வங்கியின் வசூல் பிரிவோடு பேரம் பேசிக்கொண்டிருக்கும்போதே, அதே வங்கியின் வக்கீல், நீங்கள் ஆஜராகாததால், எக்ஸ்பார்ட்டி (ஒருதலை) தீர்ப்பு வாங்கிவிடலாம். இரண்டும் ஒன்றையொன்று தடுப்பதில்லை.

எக்ஸ்பார்ட்டி தீர்ப்பை ரத்து செய்யக் கேட்கலாம். அதற்கும் 30 நாள்தான். தவறினால் அந்தத் தீர்ப்பாணை 12 ஆண்டு உயிரோடு இருக்கும். வங்கி நிறைவேற்று மனுப் போட்டுச் சம்பளத்தை ஜப்தி செய்யலாம். சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது. மாதம் 31,000 வாங்குபவரிடம் 10,000 வரை பிடிக்கலாம். ஒரே தீர்ப்பாணைக்காக மொத்தம் 24 மாதத்துக்கு மேல் சம்பளத்தைப் பிடிக்க முடியாது. வருங்கால வைப்பு நிதியில் கைவைக்க முடியாது. இந்தப் பாதுகாப்புகளைத் தெரிந்துகொள்ளாமல் பயத்தில் எதற்கும் சம்மதித்துவிடுபவர்களைத்தான் பார்க்கிறோம். பணம் கட்ட முடியாததற்காகவே சிறையில் அடைக்கக் கூடாது என்று 1980லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வசதி இருந்தும் ஏமாற்றும் நோக்கில் கட்டாதவர்தான் அந்த ஆபத்தில் இருக்கிறார். பணத் தீர்ப்பாணைக்காகப் பெண்களைக் கைது செய்யவே முடியாது.

வரும் தாள் எல்லாம் ஒரே வகையல்ல. கடனுக்குக் கொடுத்த காசோலை திரும்பியிருந்தால், மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆவது பிரிவில் நோட்டீஸ் வரும். 15 நாளுக்குள் கட்டாவிட்டால் குற்ற வழக்கு. அதில் ஆஜராகாமல் இருந்தால் வாரன்ட் வரை போகும். கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் தவணை திரும்பினாலும் இதே போன்ற வழக்குக்கு 2007ஆம் ஆண்டின் சட்டம் இடம் தருகிறது. ஆர்பிட்ரேஷன் நோட்டீஸையும் அலட்சியம் செய்யாதீர்கள். நடுவர் தரும் தீர்ப்பும் கோர்ட் தீர்ப்பாணை போலவே நிறைவேற்றத்தக்கது. ஆனால் வழக்கின் முடிவில் அக்கறை உள்ள ஒரு தரப்பே தனியாக நடுவரை நியமிப்பதை 2019 முதல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. முதல் கடிதத்திலேயே இந்த ஆட்சேபணையை எழுத வேண்டும். சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடமிருந்து வரும் லோக் அதாலத் நோட்டீஸோ பேச்சுக்கான அழைப்பு. அதைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை, போவது நல்லது.

வழக்கு வந்த பிறகும் சமரசத்துக்குக் கதவு திறந்தே இருக்கிறது. சமரசத் தீர்வுக்கான நெறிகளை ரிசர்வ் வங்கி 2023 ஜூன் 8 அன்று வெளியிட்டது. வழக்கு நிலுவையில் இருந்தால், செய்துகொள்ளும் சமரசத்துக்கு அந்த நீதிமன்றத்தின் ஒப்புதல் தீர்ப்பாணை பெற வேண்டும் என்கிறது அது. ஆகவே சம்மன் வந்தபின் கம்பெனி வாங்கித்தரும் கடிதத்தோடு மட்டும் காரியம் முடியாது. கோர்ட்டில் பதிவாக வேண்டும். அதற்கு நல்ல இடம் லோக் அதாலத். தமிழ்நாட்டில் பண வழக்குக்குக் கோர்ட் கட்டணம் 3 சதவீதம்; 5 லட்ச ரூபாய் வழக்குக்கு 15,000. லோக் அதாலத்தில் முடித்தால் அந்தக் கட்டணம் வங்கிக்குத் திரும்பக் கிடைக்கும், மேல்முறையீடும் கிடையாது. வங்கி வக்கீல்கள் அங்கே இறங்கிவருவதற்கு இவையும் காரணம். எதிர்வழக்குரை தாக்கல் செய்து, வட்டிக் கணக்கைக் கேள்வி கேட்டவரின் பேரம் சும்மா இருந்தவரின் பேரத்தைவிட வலுவாகவே இருக்கும்.

சமரசக் கடிதம் கைக்கு வந்ததும் ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். கடன் எண், மொத்தத் தொகை, கடைசித் தேதி, இத்துடன் கடன் முற்றிலும் முடிந்தது என்ற வாசகம், வழக்கு வாபஸ் பற்றிய வரி எல்லாம் இருக்க வேண்டும். பணத்தைக் கடன் கணக்கிலேயே நேரடியாகக் கட்டுங்கள். எந்தப் பிரதிநிதியின் யு.பி.ஐ. எண்ணுக்கும் அனுப்பாதீர்கள். தீர்ப்பாணைக்குப் பிறகு வெளியில் கட்டிய பணத்தை 30 நாளுக்குள் கோர்ட்டில் பதிவு செய்யக் கேட்க வேண்டும். பதிவாகாத தொகையை நிறைவேற்று நீதிமன்றம் கணக்கிலேயே எடுக்காது. கட்டியவரே மறுபடி கட்ட நேரும் கொடுமை இப்படித்தான் வருகிறது. ‘செட்டில்டு’ என்ற குறிப்பு சிபில் அறிக்கையில் பல ஆண்டுகள் நிற்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். பாதிக்கு முடித்ததற்கு அது ஒரு விலை.

என் கருத்து: சம்மன் கையில் வந்தபின் புதிதாக எந்தச் செட்டில்மென்ட் கம்பெனியிலும் சேர வேண்டாம். அங்கே கட்டும் முன்பணம் வக்கீல் கட்டணத்துக்கு உதவும். வக்கீலுக்கும் வசதி இல்லையென்றால் இலவச சட்ட உதவி இருக்கிறது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழில்துறைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே அது கிடைக்கும். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. 15100 என்ற கட்டணமில்லா எண்ணில் விசாரிக்கலாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரிலும் போகலாம். சம்மன், அதனுடன் இணைத்த பிராது நகல், கடன் ஒப்பந்தம், கடைசி ஓராண்டுக் கணக்கு அறிக்கை, கம்பெனிக்குக் கட்டிய ரசீதுகள் இவற்றோடு, வாய்தாவுக்கு முந்தைய நாள் வரை காத்திராமல், சம்மன் வந்த வாரத்திலேயே போய்விடுங்கள்.